நெஞ்சறைக்குள் சிவப்பு ஒளி: மீசோதீலியோமா அறுவையில் அது என்ன செய்கிறது?

கேள்வி: என் அத்தையின் கணவருக்கு 66 வயது. பிலடெல்ஃபியாவுக்கு அருகே மகன் வீட்டில் இருக்கிறார். நுரையீரல் உறையில் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வந்திருப்பதாகவும், செல்களின் தோற்றத்தை வைத்துப் பிரிக்கும் வகைகளில் அது எபிதீலியாய்டு வகை என்றும் சொல்லியிருக்கிறார்கள். இளமையில் அனல்மின் நிலையக் கொதிகலன் பிரிவில் வேலை பார்த்தவர். அறுவை சிகிச்சை செய்யும்போதே நெஞ்சுக்குள் லேசர் ஒளியைப் பாய்ச்சி, எஞ்சிய புற்றுநோயை அழிக்கும் முறை ஒன்று இருக்கிறது என்கிறான் மகன். இது கதிர்வீச்சு சிகிச்சைதானா? உண்மையில் பலன் உண்டா? ஒப்புக்கொள்ளலாமா?

பதில்:

நான் மருத்துவர் அல்ல. புற்றுநோய்ப் பிரிவில் நோயாளிக்குச் செலுத்தும் கதிர்வீச்சின் அளவைக் கணக்கிட்டுச் சரிபார்க்கும் இயற்பியலாளர். நீங்கள் கேட்கும் ஒளிச் சிகிச்சையில் பாதி மருத்துவம், பாதி அளவீடு. அந்த இரண்டாம் பாதியின் வழியாகத்தான் பல ஆண்டுகளாக இதைப் பின்தொடர்ந்து வருகிறேன். உங்கள் மாமாவுக்கு இதைச் செய்யலாமா என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர்களே சொல்ல வேண்டும். அவர்களிடம் எதைக் கேட்க வேண்டும், கிடைக்கும் பதிலை எப்படி எடைபோட வேண்டும் என்பதை என்னால் சொல்ல முடியும்.

கதிர்வீச்சா என்றால், இல்லை. கதிர்வீச்சு சிகிச்சையில் எக்ஸ் கதிர் போன்ற ஆற்றல் மிக்க கதிர்கள் செல்லின் மரபணுவைச் சிதைக்கின்றன. இங்கே பயன்படுவது கண்ணுக்குத் தெரியும் சாதாரண சிவப்பு ஒளி. அது தனியாக யாரையும் எதுவும் செய்யாது. முந்தைய நாளே ஒரு மருந்தை ரத்தத்தில் ஏற்றி, அது புற்றுநோய்த் திசுக்களில் தங்கியிருக்கும் நேரம் பார்த்து அந்த ஒளியைக் காட்டும்போதுதான் கொல்லும் வேலை நடக்கிறது. ஒளியை வாங்கிக்கொண்ட மருந்து அந்த ஆற்றலைப் பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனுக்குக் கைமாற்றுகிறது. அப்படித் தூண்டப்பட்ட ஆக்சிஜனுக்கு சிங்லெட் ஆக்சிஜன் என்று பெயர். அது கணப்பொழுதே நிலைக்கும். பிறந்த இடத்தை விட்டு நகர்வதற்குள் அங்கிருக்கும் செல்லை அரித்துவிடும். மருந்து, ஒளி, ஆக்சிஜன் ஆகிய மூன்றில் ஒன்று குறைந்தாலும் எதுவும் நடக்காது. ஃபோட்டோடைனமிக் தெரபி என்பது இதன் பெயர். தமிழில் ஒளியியக்கச் சிகிச்சை என்று சொல்லலாம்.

இந்த யோசனை பழையது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஆஸ்கர் ராப் என்ற மருத்துவ மாணவர், அக்ரிடின் என்ற சாயம் கலந்த நீரிலிருக்கும் பாரமீசியம் என்ற ஒற்றைச்செல் உயிரிகள் வெளிச்சம் பட்டால் சீக்கிரம் மடிவதைக் கவனித்தார். அவருடைய ஆசிரியர் ஹெர்மன் ஃபான் டாப்பைனர் அந்தக் கவனிப்பைத் தொடர்ந்து ஆராய்ந்தார். 1900ஆம் ஆண்டையொட்டிய செய்தி இது. பிற்பாடு, 1970களில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரிலுள்ள ராஸ்வெல் பார்க் புற்றுநோய் நிலையத்தில் தாமஸ் டவர்ட்டி இதை உருப்படியான மனித சிகிச்சையாக வளர்த்தெடுத்தார். அங்கிருந்து வந்த மருந்துதான் ஃபோட்டோஃப்ரின். அமெரிக்காவில் 1995இல் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கும், 1998இல் மூச்சுக்குழாய்க்குள் வளரும் ஒருவகை நுரையீரல் புற்றுநோய்க்கும் அதற்கு அனுமதி கிடைத்தது. மீசோதீலியோமாவுக்கு இந்த ஒளிச் சிகிச்சை அப்படி அனுமதி பெற்றதில்லை. உங்கள் மாமாவிடம் இதை முன்வைத்தால், அது ஆய்வின் பகுதியா, எந்த ஏற்பாட்டின் கீழ் தருகிறார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நெஞ்சறைக்கு ஒளி எதற்கு என்று புரிய, இந்த நோயின் குணம் தெரிய வேண்டும். நுரையீரலைச் சுற்றி மெல்லிய சவ்வு இரண்டு அடுக்காக இருக்கிறது. ஒன்று நுரையீரலோடு ஒட்டியது, மற்றது விலாவின் உட்புறத்தோடும் உதரவிதானத்தோடும் ஒட்டியது. மீசோதீலியோமா அந்தச் சவ்வில், ஈரச் சுவரில் பூசணம் படர்வதுபோல் படர்கிறது. மற்றப் புற்றுக்கட்டிகளைப் போல உருண்டையாக ஓரிடத்தில் நின்றால், கட்டியைச் சுற்றி ஒரு விரற்கடை நல்ல சதையையும் சேர்த்து வெட்டி எடுத்துவிடலாம். இங்கே அப்படிச் சேர்த்து வெட்ட என்ன இருக்கிறது? ஒரு பக்கம் நுரையீரல், ஒரு பக்கம் இதய உறை, பின்னால் உணவுக்குழாயும் பெருந்தமனியும். மருத்துவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், கண்ணுக்குத் தெரிவதை எல்லாம் உரித்தெடுத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத செல்கள் அந்தப் பரப்பெங்கும் எஞ்சியிருக்கும். அந்த மிச்சத்துக்குத்தான் ஒளி. கத்தி எடுத்த பிறகு எஞ்சும் துகள்களைத் துடைக்கும் வேலை மட்டுமே அதனுடையது. பெரிய கட்டியைக் கரைக்கும் சக்தி அதற்குக் கிடையாது.

ஏன் கிடையாது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசியின் டார்ச்சை விரல் நுனிக்கு அடியில் வைத்து அழுத்துங்கள். விரல் சிவப்பாக ஒளிரும். டார்ச்சிலிருந்து புறப்படுவது வெள்ளை ஒளிதான். நீலத்தையும் பச்சையையும் ரத்தம் விழுங்கிவிட, சிவப்பு மட்டும் தப்பி மறுபக்கம் வருகிறது. அதனால்தான் ஃபோட்டோஃப்ரினுக்கு 630 நானோமீட்டர் சிவப்பு ஒளியைத் தேர்ந்தார்கள். இனி டார்ச்சை உள்ளங்கைக்கு அடியில் வையுங்கள். மங்கிப்போகும். சிவப்புக்கும் எல்லை உண்டு. சிகிச்சைக்குப் போதுமான அளவில் அது சில மில்லிமீட்டர் ஆழமே இறங்கும். நெஞ்சறையில் அந்தக் குறையே பாதுகாப்பாகவும் இருக்கிறது. மேற்பரப்பில் எஞ்சிய செல்களைத் தொடும் ஒளி, அடியில் இருக்கும் இதயத்தையும் நுரையீரலையும் துளைத்துக்கொண்டு போவதில்லை.

அறுவை அரங்கில் நடப்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் சிகிச்சையின் தரம் அங்கேதான் தீர்மானமாகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் ஃப்ரீட்பெர்க் என்ற நெஞ்சறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும் வளர்த்தெடுத்த முறை இது. அறுவைக்கு 24 மணி நேரம் முன்பு, உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் ஃபோட்டோஃப்ரின் ரத்தக் குழாய் வழியாக ஏற்றப்படுகிறது. அந்த நிமிடத்திலிருந்து நோயாளியின் உடல் முழுவதுமே வெளிச்சத்துக்குக் கூசும் உடலாகிவிடுகிறது. அரங்கின் பெரிய விளக்குகளைக் கூட யோசித்துத்தான் பயன்படுத்த வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப்பின் சிறு சிவப்பு ஒளியும் ஒரே இடத்தில் நெடுநேரம் பட்டால் தோலைச் சுடக்கூடும் என்பதால் அதை அவ்வப்போது இடம் மாற்றுவார்கள்.

மருத்துவர் பல மணி நேரம் செலவிட்டுச் சவ்வை உரித்தெடுக்கிறார். நுரையீரலை விட்டுவைத்து, அதன்மேல் படர்ந்ததை மட்டும் உரிப்பது ஃப்ரீட்பெர்க் குழுவின் வழி. உரித்து முடிந்ததும் நெஞ்சறைக்குள் ஏழு இடங்களில் சின்னஞ்சிறு ஒளி உணரிகளைத் தைத்து வைக்கிறார்கள்: உச்சியில், முன் சுவரில், பின் சுவரில், உதரவிதானத்தை ஒட்டிய பள்ளத்தில், இதய உறையின் பக்கத்தில் என்று. பிறகு அந்தக் குழியை ஒரு வெண்திரவத்தால் நிரப்புகிறார்கள். இன்ட்ராலிப்பிட் என்ற கொழுப்புக் கரைசலை 0.01 சதவீதமாக நீர்த்தது அது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டுப் பால் விட்டு, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒளி ஒரே கோடாகப் போகாமல் டம்ளர் முழுவதும் பரவி நிற்கும். அதே தந்திரம்தான். நெஞ்சறையில் மேடும் பள்ளமும் மடிப்புமாக இருக்கிறது. நேராக மட்டும் அடித்தால் ஒரு மடிப்பின் நிழலில் புற்றுநோய் ஒளிந்துகொள்ளும்.

லேசரிலிருந்து வரும் கண்ணாடி இழையை, மயக்க மருத்துவர்கள் நோயாளியின் சுவாசத்துக்காகப் பயன்படுத்தும், நுனியில் பலூன் வைத்த ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் செருகியிருப்பார்கள். மருத்துவர் அதைக் கையில் பிடித்து நெஞ்சறைக்குள் மெதுவாக நகர்த்திக்கொண்டே இருக்கிறார். அறையிலுள்ள எல்லோரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருக்கிறார்கள். என்னைப் போன்ற ஓர் இயற்பியலாளர் திரையில் ஏழு எண்கள் ஏறுவதைப் பார்த்தபடி குரல் கொடுக்கிறார்: பின் சுவர் பின்தங்குகிறது, உச்சிக்குப் போதும், உதரவிதானத்துக்கு இன்னும் வேண்டும். ஒவ்வோர் இடமும் சதுர சென்டிமீட்டருக்கு 60 ஜூல் என்ற அளவை எட்டும்வரை இது தொடர்கிறது. இடையில் ரத்தம் கசிந்து திரவம் சிவந்தால் நிறுத்தி, உறிஞ்சி எடுத்து, புதுத் திரவம் நிரப்ப வேண்டும். ரத்தம் ஒளியைக் குடித்துவிடும். ரத்தக் கசிவைக் கட்டுப்படுத்தத் தெரியாத இடத்தில் இந்தச் சிகிச்சைக்கு அர்த்தமே இல்லை என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இனி பலன். இங்கே உங்களிடம் எதையும் மறைக்க மாட்டேன்.

முதல் பெரிய சோதனை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் ஹார்வி பாஸ் என்ற அறுவை மருத்துவர் நடத்தியது. 63 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு அறுவையோடு ஒளியும், மறுபிரிவுக்கு ஒளியில்லாத அறுவையும் செய்தார்கள். இரு பிரிவுக்கும் மருந்துச் சிகிச்சையும் உண்டு. 1997இல் வெளிவந்த முடிவு: இடைநிலை வாழ்நாள் (பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்த காலம்) ஒளி பெற்றவர்களுக்கு 14.4 மாதம், பெறாதவர்களுக்கு 14.1 மாதம். வித்தியாசம் இல்லை. பலர் இத்தோடு கதையை முடித்துவிட்டார்கள். ஆனால் அந்தச் சோதனையில், எஞ்சிய கட்டி 5 மில்லிமீட்டர் கனம்வரை இருந்தாலும் ஒளி கொடுத்தார்கள். உங்கள் விரலில் டார்ச் வைத்துப் பார்த்ததை நினைத்துக்கொள்ளுங்கள். 5 மில்லிமீட்டர் என்பது சிவப்பு ஒளிக்குக் கடினமான கனம். துடைப்பத்தைக் கொடுத்து மண்மேட்டை அள்ளச் சொன்ன கதையாக அது முடிந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

ஃப்ரீட்பெர்க் கண்ணுக்குத் தெரியும் எதையும் விட்டுவைக்கக் கூடாது என்று தொடங்கினார். 2012இல் வெளியான அவருடைய 38 நோயாளிகளின் தொகுப்பில் இடைநிலை வாழ்நாள் 31.7 மாதம், எபிதீலியாய்டு வகையினரை மட்டும் பார்த்தால் 41.2 மாதம். 2017இல் வெளியான 90 எபிதீலியாய்டு நோயாளிகளின் தொகுப்பில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். அதிலும் நிணநீர்க் கணுக்களுக்கு நோய் பரவாத 19 பேருக்கு 7 ஆண்டுகளுக்கும் மேல். மீசோதீலியோமாவைத் தெரிந்தவர்கள் இந்த எண்களைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்ததில் வியப்பில்லை. கீமோவைத் தரமான சிகிச்சையாக நிலைநிறுத்திய 2003ஆம் ஆண்டுச் சோதனையில் சிஸ்பிளாட்டினும் பெமெட்ரெக்செட்டும் சேர்ந்து கொடுத்த இடைநிலை வாழ்நாள் 12.1 மாதம்தான்.

அந்த எண்களில் இன்னொரு விசித்திரமும் உண்டு. 2012 தொகுப்பில் நோய் திரும்பத் தலைகாட்டாமல் இருந்த காலத்தின் இடைநிலை 9.6 மாதம் மட்டுமே. அதாவது நோய் திரும்பிய பிறகும் பலர் நெடுநாள் வாழ்ந்திருக்கிறார்கள். ஒளியால் மடிந்த செல்கள் உடலின் நோயெதிர்ப்பு சக்தியை விழிக்கச் செய்து, திரும்பிய நோயை மெதுவாக்குகின்றனவோ என்று அந்தக் குழு கருதியது. ஆய்வுக்கூடத்தில் எலிகளிடம் இந்த விழிப்பைக் கண்டிருக்கிறார்கள். எனக்கு இந்தச் சிகிச்சையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். பிடித்திருப்பதாலேயே இதை நம்புவதில் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க முயல்கிறேன்.

ஏனென்றால் இவை ஒரே குழு, தான் தேர்ந்த நோயாளிகளிடம் பெற்ற எண்கள். நெடிய அறுவையைத் தாங்கும் உடல் உள்ளவர்களைத்தான் மேசைக்கு அழைத்திருப்பார்கள். எபிதீலியாய்டு இயல்பாகவே சற்று மெதுவான வகை. நன்மை ஒளியால் வந்ததா, கைதேர்ந்த அறுவையால் வந்ததா, தேர்வால் வந்ததா என்று இந்தத் தொகுப்புகளை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஒளியோடும் ஒளியில்லாமலும் குலுக்கல் முறையில் ஒப்பிட்டால்தான் தெரியும். பென்சில்வேனியாவில் அத்தகைய சோதனையைத் தொடங்கினார்கள். அதன் முடிவுகள் எப்படி வந்தன என்று மாமாவின் மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

இதைவிடக் கனமான செய்தி ஒன்று இருக்கிறது, அது ஒளியைப் பற்றியதே அல்ல. பிரிட்டனில் எரிக் லிம் என்ற நெஞ்சறுவை மருத்துவர் தலைமையில் மார்ஸ் 2 என்ற சோதனை நடந்தது. 335 நோயாளிகள். பாதிப் பேருக்குக் கீமோவோடு இந்தச் சவ்வு உரிக்கும் அறுவை, பாதிப் பேருக்குக் கீமோ மட்டும். 2023 செப்டம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலக நுரையீரல் புற்றுநோய் மாநாட்டில் முடிவை அறிவித்தபோது உலகமே திடுக்கிட்டது. அறுவை செய்துகொண்டவர்களின் இடைநிலை வாழ்நாள் 19.3 மாதம், செய்துகொள்ளாதவர்களுக்கு 24.8 மாதம். அறுவைப் பிரிவில் கடுமையான சிக்கல்களும் கூடுதல். அந்தச் சோதனையில் ஒளிச் சிகிச்சை இல்லை. அறுவை நடந்த மருத்துவமனைகளின் அனுபவம் ஒரே சீராக இல்லை என்று அறுவை மருத்துவர்கள் சிலர் வாதிடுகிறார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கலாம். ஆனாலும் ஒளி என்பது அறுவையின் முதுகில் ஏறி வரும் சிகிச்சை. அறுவை வேண்டுமா என்பதே கேள்வியாகிவிட்ட பிறகு, ஒளி வேண்டுமா என்று முதலில் கேட்பது வரிசை மாறிய கேள்வி.

இடைப்பட்ட காலத்தில் மருந்துகளும் நகர்ந்துவிட்டன. 2020 அக்டோபரில் அமெரிக்காவில், அறுவை செய்ய இயலாத மீசோதீலியோமாவுக்கு முதல் சிகிச்சையாக நிவோலுமாப், இப்பிலிமுமாப் என்ற இரு நோயெதிர்ப்பு மருந்துகளைச் சேர்த்துத் தர அனுமதித்தார்கள். அதற்கு அடிப்படையான 605 நோயாளிகளின் சோதனையில் கீமோவுக்கு 14.1 மாதம், இந்த இரண்டுக்கும் 18.1 மாதம். எபிதீலியாய்டு அல்லாத வகைகளில்தான் வித்தியாசம் பெரிது, எபிதீலியாய்டில் 16.5க்கு 18.7. சுமாரான முன்னேற்றம்தான், என்றாலும் நெஞ்சைத் திறக்காமல் கிடைப்பது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் தனிப்பட்ட பதில் இது. மாமாவின் இடத்தில் என் தகப்பனார் இருந்தால், நோய் ஒரு பக்க நெஞ்சறைக்குள்ளேயே அடங்கியிருந்து, நிணநீர்க் கணுக்கள் சுத்தமாக இருந்து, இதயமும் மறுபக்க நுரையீரலும் வலுவாக இருந்து, வருடந்தோறும் இந்த அறுவையைத் திரும்பத் திரும்பச் செய்யும் குழுவும் கிடைத்து, ஒரு முறையான ஆய்வுக்குள் இதைச் செய்வதாகச் சொன்னால் மட்டுமே யோசிப்பேன். இவற்றில் ஒன்று தவறினாலும் மருந்துச் சிகிச்சையின் பக்கம் போய்விடுவேன். ‘லேசர்’ என்ற சொல்லின் பளபளப்புக்காக அந்த வயதில் ஒருவரை இவ்வளவு பெரிய அறுவைக்கு அனுப்பக் கூடாது. இன்னொன்றும் கேளுங்கள்: அறுவை, ஒளி எதுவும் பார்க்காத, மருந்துகள் மட்டும் தரும் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் மாமாவின் அறிக்கைகளைப் பார்த்தாரா என்று. கத்தி வைத்திருப்பவரிடம் மட்டும் கத்தி வேண்டுமா என்று கேட்கக் கூடாது.

ஒருவேளை ஒளிச் சிகிச்சைக்கே போவதென்று முடிவானால், வீட்டார் தயாராக வேண்டிய விஷயம் வெயில். 1912இல் ஃப்ரீட்ரிஷ் மேயர்-பெட்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர், ஃபோட்டோஃப்ரினின் முன்னோடியான ஹிமாட்டோபார்ஃபிரின் 200 மில்லிகிராமைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு வெயிலில் நின்று பார்த்தார். முகம் அடையாளம் தெரியாத அளவுக்கு வீங்கிப்போனது; வெளிச்சக் கூச்சம் இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. ஃபோட்டோஃப்ரின் ஏற்றிய பிறகு குறைந்தது 30 நாள் நேரடி வெயிலும் பிரகாசமான விளக்கும் ஆகாது. பல் மருத்துவரின் விளக்கு, அருகில் எரியும் ஹாலஜன் விளக்கு, கண்ணாடிக் கூரை வழியாக இறங்கும் வெயில் எல்லாமே இதில் சேரும். கடையில் விற்கும் சன்ஸ்கிரீன் பயன்படாது. அது தடுப்பது புற ஊதாவை, இங்கே சுடுவது கண்ணுக்குத் தெரியும் ஒளி. கெட்டித் துணியில் முழுக்கைச் சட்டை, கையுறை, அகல விளிம்புத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி வேண்டும்.

அதற்காக மாமாவை இருட்டறையில் அடைத்துவிடாதீர்கள். பாசத்தில் பலர் அந்தத் தவறைச் செய்கிறார்கள். வீட்டுக்குள் வழக்கமான மிதமான வெளிச்சத்தில் இருந்தால்தான் தோலில் தங்கிய மருந்து மெல்ல மெல்ல அழியும். இருட்டில் வைத்தால் கூச்சம் நீடிக்கும். 30 நாள் கழிந்ததும் முகம் தவிர்த்து, உடலில் ஒரு சிறு பகுதியை 10 நிமிடம் வெயிலில் காட்டி, 24 மணி நேரம் காத்திருந்து, சிவப்போ வீக்கமோ கொப்புளமோ இல்லையென்றால் படிப்படியாக வெளியே வரலாம். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவதைப் பொழுது சாய்ந்த பிறகு வைத்துக்கொள்ள முடியுமா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

நோய் எங்கிருந்து வந்தது என்று அத்தை மனம் வருந்தியிருப்பார். கொதிகலன் வேலை என்றதுமே எனக்குக் கல்நார்தான் நினைவுக்கு வந்தது. சூடான குழாய்களைச் சுற்றிய கயிறும் பூச்சும் அந்தக் காலத்தில் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ். அதைப் பிரித்து மறுபடி கட்டும்போது எழும் தூசியில் கண்ணுக்குத் தெரியாத இழைகள் நெஞ்சுக்குள் போய்த் தங்கி, 20 முதல் 50 ஆண்டுகள் கழித்து இந்த நோயாக வெளிப்படுகின்றன. 1960இல் தென்னாப்பிரிக்காவின் நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியைச் சேர்ந்த 33 பேரை வைத்து வாக்னர் என்ற நோயியல் ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் இந்தத் தொடர்பை உலகுக்குக் காட்டினார்கள். பிலடெல்ஃபியாவுக்கு வடக்கே ஆம்ப்ளர் என்று ஓர் ஊர் இருக்கிறது. கல்நார்த் தொழிற்சாலைக் கழிவு அங்கே மலையாகக் குவிந்து கிடந்தது. ‘வெள்ளை மலைகள்’ என்று அழைத்தார்கள், குழந்தைகள் அதில் சறுக்கி விளையாடினார்கள். மாமாவின் மருத்துவர்களுக்கு இந்த நோய் புதிதல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். புகைபிடித்ததால் வந்ததோ என்று யாராவது சொன்னால் அத்தையிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: மீசோதீலியோமாவுக்குப் புகைப்பழக்கம் காரணமில்லை.

அடுத்த சந்திப்புக்கு முன் திசுப் பரிசோதனை அறிக்கையின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். எபிதீலியாய்டு என்று மட்டும் இருக்கிறதா, கலப்பு வகை என்று எங்காவது குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கேன் அறிக்கையில் நிணநீர்க் கணுக்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு வரிகளையும் எனக்கு எழுதினால், மருத்துவரிடம் கேட்க வேண்டிய அடுத்த கேள்விகளை உட்கார்ந்து யோசித்துச் சொல்கிறேன்.